ஏரம்பரின் ஒன்பதாம் இலக்கம்

ஏரம்பருக்கு இந்த உலகத்தில் பிடிக்காத சொல் ஒன்றே ஒன்றுதான். அது ‘முன்னாள்’. மாகாண சபை கலைந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அதற்குப் பிறகு தேர்தலும் இல்லை, சபையும் இல்லை. புதிதாக ஒருவர் வந்து அந்தக் கதிரையில் இருந்தால்தானே நான் முன்னாள் ஆகலாம், வெறுங்கதிரைக்கு எப்படி நான் முன்னாள் என்பது அவருடைய வாதம். கலியாண அழைப்பிதழில் ‘முன்னாள் மாகாண சபை உறுப்பினர்’ என்று அச்சடித்திருந்தால் போவார், சாப்பிடுவார், மாப்பிள்ளை பொம்பிளையை வாழ்த்தவும் செய்வார். ஆனால் மைக்கைக் கொடுத்தால் மட்டும் வாங்கமாட்டார். ஊராருக்கு அது ஒருவகையில் நிம்மதிதான்.

சபை நடந்த ஐந்து வருடமும் அவர் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. காலை ஒன்பது மணிக் கூட்டத்தை ஒன்பதரைக்கு மாற்றப் பார்த்தார்கள், ஏரம்பர் எழும்பினார். மரக்கதிரைகளை எடுத்துவிட்டுச் சுழல்கதிரை போடப் பார்த்தார்கள், எழும்பினார். உறுப்பினர்களுக்கு மடிக்கணினி என்றார்கள், பிளேன்ரீக்குப் பதிலாகப் பால்தேத்தண்ணி என்றார்கள், இரண்டுக்கும் எழும்பினார். எழும்பி அவர் சொன்னது எப்போதும் ஒரே வசனம்தான்: “இருந்தது இருந்தபடி இருக்கட்டும்.” அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழும்பும்போதே குறிப்பெடுக்கிற உத்தியோகத்தர் அந்த வசனத்தை எழுதி முடித்துவிடுவாராம். ‘இருந்தபடி ஏரம்பர்’ என்ற பட்டம் அப்படித்தான் வந்தது.

மற்ற உறுப்பினர்கள் தீர்வையில்லாமல் வாகனம் இறக்கும் பெர்மிற்றுக்கு அலைந்தபோது, “என்னட்டைச் சைக்கிள் இருக்குத்தானே” என்று கடிதத்தைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். அந்தச் சைக்கிளைப் புளியங்குளம் சந்தி பஸ்தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் பூட்டி வைத்துவிட்டு யாழ்ப்பாண பஸ் ஏறிச் சபைக்குப் போய் வந்தார். அதனால் அவரைப் பகிடி பண்ணியவர்கள்கூட அவரைப் பற்றிக் கூடாத கதை ஒன்றும் கதைத்தது கிடையாது.

ஏரம்பருக்கு ஒரேயொரு பெருமை இருந்தது. அவர் தேர்தலில் ஒரு போஸ்டர் ஒட்டவில்லை, ஒரு நோட்டீஸ் கொடுக்கவில்லை. அந்தத் தேர்தலில் வாக்காளர் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி போடவேண்டும், பிறகு அந்தக் கட்சியில் தனக்குப் பிடித்த ஆளின் இலக்கத்துக்கு ஒரு புள்ளடி. வவுனியா மாவட்டத்தில் கட்சிக்கு ஒன்பது பேர். ஏரம்பரின் இலக்கம் ஒன்பது. புளியங்குளத்து அரிசி ஆலைக்காரன் சிவராசாவும் அதே கட்சிதான், அவனுடைய இலக்கம் ஆறு. அவன் வாகனம் பிடித்து, சிவப்பு ஸ்டிக்கர் அடித்து, ஒலிபெருக்கி கட்டி, கழுத்தில் மாலையோடு ஒரு மாதம் ஊரைக் கலக்கினான். கடைசியில் எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு விருப்பு வாக்குகளால் ஏரம்பர் உள்ளே, சிவராசா வெளியே.

“சனம் ஆளைப் பாக்கேல்லை, கொள்கையைப் பாத்துப் போட்டது” என்று ஏரம்பர் அன்றிலிருந்து சொல்லாத இடமில்லை. செத்த வீட்டிலும் சொல்லியிருக்கிறார்.

இப்போது மறுபடியும் தேர்தல் வரப்போகிறதென்று கதை அடிபட்டது. கட்சி தன் வேட்பாளர்களைத் தெரிவுசெய்ய ஞாயிற்றுக்கிழமை வவுனியாவில் கூட்டம் வைத்திருந்தது. புளியங்குளப் பக்கத்துக்கு ஒரே ஒரு இடம்தான். ஏரம்பரா, சிவராசாவா என்பதே கேள்வி. ஏரம்பர் ஒரு கிழமையாகப் பேச்சை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். பேச்சில் இருந்தது அந்த இருநூற்றுப் பதினான்கு வாக்குகளும் கொள்கையும்தான். மனைவி நேசமலர் குசினியில் இருந்தபடியே அதை முழுவதும் பாடமாக்கிவிட்டா.

வெள்ளிக்கிழமை பகல் அவருடைய சைக்கிளின் பின்சில்லுக் காற்றுப் போய்விட்டது. புளியங்குளம் சந்தியில் இஸ்ஸதீனின் சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார். இஸ்ஸதீனும் மனைவி லதீபாவும் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்து அந்தக் கடையைப் போட்டவர்கள். அந்தப் பக்கத்தில் ஓடுகிற சைக்கிள்களில் இளையவர்கள் அண்ணன் என்ற அர்த்தத்தில் ‘நானா’ என்று கூப்பிடுகிற இஸ்ஸதீனின் கை படாதது ஒன்றுகூட இருக்காது.

இஸ்ஸதீன் யாருடையதோ ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அதன் பின் மட்கார்ட்டில் வட்டமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர், வெளிறிப்போயிருந்தது. நடுவில் பெரிதாக ‘6’.

“என்ன இஸ்ஸதீன், சிவராசா இன்னும் உம்மட கடையை விட்டுப் போகேல்லையோ?” என்று ஏரம்பர் பகிடி விட்டார்.

இஸ்ஸதீன் சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் தூக்கி நேராக நிறுத்தினார். “ஜும்மாவுக்கு நேரமாச்சு ஐயா. ஒருக்கா இருங்கோ, தொழுதிட்டு ஓடி வாறன்” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏரம்பர் வாங்குப் பலகையில் இருந்தபடி சும்மா திரும்பினார். மட்கார்ட்டில் இப்போது ‘9’ இருந்தது.

முதலில் அவருக்கு உண்டான சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல. என்ர இலக்கம்! நான் ஒன்றுமே அடிக்காதபோது, எனக்குத் தெரியாமல் எவனோ ஒரு கொள்கைக்காரன் தன் பாட்டில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் இதையும் சேர்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே மூக்குக்கண்ணாடியைப் போட்டார். வட்டத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. எழுத்துத் தலைகீழாகக் கிடந்தது. குனிந்து, கழுத்தைத் திருப்பி, ஏறக்குறைய முழங்காலில் நின்று வாசித்தார்.

‘சிவராசா.’

கடைக்குள் டியூப்புக்கு ஒட்டுப் போடக் காத்திருந்த இன்னும் இரண்டு பழைய சைக்கிள்களைப் போய்ப் பார்த்தார். ஒன்றில் பாதி உரிந்திருந்தது. மற்றதில் முழுசாக இருந்தது. ஒன்பது. ஓரத்தில் தலைகீழாக அதே சிவராசா. சனம் ஸ்டிக்கரைப் பிழையாக ஒட்டியிருக்கிறது. பிழையாக ஒட்டியதைப் பார்த்துப் பிழையாகப் புள்ளடி போட்டிருக்கிறது. சிவராசாவின் வாக்கு முழுவதும் தன் பெட்டிக்குள் வந்து விழுந்திருக்கிறது. ஏரம்பர் இஸ்ஸதீன் வரும்வரை நிற்காமல், காற்றில்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டு மூன்று கட்டை தூரம் வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தார்.

நேசமலர் சோறு போட்டா. அவர் தொடவில்லை. விசயத்தைக் கேட்டதும் அவா கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தா. சிரிப்பை அடக்கத்தான்.

“இப்ப என்னப்பா? அது எந்தக் காலத்துக் கதை. ஆர் வந்து கேட்டது?”

“ஒருத்தரும் கேக்கேல்லை. நான் என்னையே கேக்கிறன். அஞ்சு வருசம் நான் இருந்தது சிவராசாவின்ர கதிரையில.”

“அவர் இருந்திருந்தா மட்டும் என்ன, சுழல்கதிரை வந்திருக்கும். அவ்வளவுதானே.”

“பகிடி விடாதையும். கொள்கைக்குப் போட்டது, கொள்கைக்குப் போட்டது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். ஒரு சனமும் எனக்கெண்டு போடேல்லை.”

அப்படிச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்துவிட்டது. நாற்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் நேசமலர் அதைக் கேட்டது அன்றுதான். அவாவுக்குச் சிரிப்புப் போய்விட்டது. பக்கத்தில் வந்து இருந்தா.

“அப்ப என்ன செய்யப் போறியள்?”

“சிவராசாட்டைப் போய்ச் சொல்லப் போறன். இந்த முறை இடம் அவனுக்கு. பிழையா வந்ததை இருந்தபடி இருக்க விடேலாது.”

நேசமலர் நிமிர்ந்து பார்த்தா. ஒரு விசயம் இருந்தபடி இருக்கக்கூடாதென்று அந்த மனுசன் வாயால் வந்தது அதுதான் முதல் தரம்.

சனிக்கிழமை காலை ஏரம்பர் ஆலைக்குப் போனார். சிவராசா தவிட்டுத் தூசியோடு ஓடி வந்து கதிரை போட்டான். அவனுக்கு ஏரம்பரில் ஆற்றாமை இருந்தது உண்மை, ஆனால் மரியாதை குறைந்ததில்லை. ஏரம்பர் கதிரையில் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புவித்தார். கடைசியில், “நாளைக்குக் கூட்டத்தில நான் உமக்காக எழும்பிச் சொல்லுவன். இதைத்தான் சொல்ல வந்தனான்” என்று முடித்தார்.

சிவராசா ஆலையை நிற்பாட்டச் சொன்னான். சத்தம் அடங்கியதும் இரண்டு கையாலும் ஏரம்பரின் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது.

“ஏரம்பண்ணை, நான் அண்டைக்கே சொன்னனான். சனம் என்னை வேண்டாமெண்டு சொல்லேல்லை எண்டு மனுசிக்குச் சொன்னனான், மாமிக்குச் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை. ஊரே சிவப்பாக் கிடந்துதே அண்ணை, நீங்களும் பாத்தனீங்கள்தானே!”

“ஓமோம், சிவப்பாத்தான் கிடந்தது.”

“வாங்கோ, ஏறுங்கோ. அந்த ஸ்டிக்கரை நான் என்ர கண்ணால ஒருக்காப் பாக்கவேணும்.”

ஏரம்பரைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு சந்திக்கு விட்டான். போகிற வழியெல்லாம் கைத்தொலைபேசியில் மனுசிக்கும் மாமிக்கும் மச்சானுக்கும் செய்தி சொன்னான். ஏரம்பர் வெளியே வயலைப் பார்த்தபடி இருந்தார். நெல் நல்ல பச்சையாக நின்றது. அதுகூட அன்றைக்கு அவருக்கு ஆறுதல் தரவில்லை.

கடையில் இஸ்ஸதீன் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். லதீபா கணவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தா. சிவராசா இறங்கிய வேகத்திலேயே அந்தப் பழைய சைக்கிளைப் பிடித்து ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தான்.

“பாத்தியளே இஸ்ஸதீன் நானா! சனம் பிழையா ஒட்டினதால நான் தோத்துப்போனன். எழுத வாசிக்கத் தெரியாத சனமே இது?”

இஸ்ஸதீன் டியூப்பை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். லதீபா அவரைப் பார்த்தா. இருவருக்கும் நடுவில் ஒரு சிரிப்புப் போய் வந்தது.

“பிழையா ஒட்டேல்லைத் தம்பி” என்றா லதீபா. “சரியாத்தான் ஒட்டினது.”

“தலைகீழா எல்லோ கிடக்கு!”

“ஓம். தலைகீழாத்தான் ஒட்டினது.”

ஏரம்பர் தலையை நிமிர்த்தினார். சிவராசாவுக்கு விளங்கவில்லை. இஸ்ஸதீன் ஒரு பெருமூச்சோடு சொல்லத் தொடங்கினார்.

“உங்கட பெடியள் கட்டுக்கட்டாக் கொண்டுவந்து தந்தாங்கள். கடைக்கு வாற சைக்கிள் எல்லாத்திலயும் ஒட்டு, நாளைக்கு வந்து பாப்பம் எண்டாங்கள். ஒட்டட்டோ, விருப்பமோ எண்டு ஒருத்தன் கேக்கேல்லை. நாங்கள் என்ன செய்யிறது? இந்த ஊரில ஆர் வந்து எதைத் தந்தாலும் ஓம் எண்டு வாங்கித்தான் பழக்கம். வேண்டாமெண்டு சொல்லிப் பழகேல்லை. ஓம் எண்டு வாங்கினன். அப்ப இவா சொன்னா...”

“நான்தான் சொன்னனான்” என்றா லதீபா. “வட்டமாத்தானே கிடக்கு, திருப்பி ஒட்டுங்கோ எண்டு. ஐயாவின்ர இலக்கம் அதுக்குள்ளேயே இருந்தது.”

“வாற சைக்கிள்காரர் எல்லாரிட்டையும் கேட்டுத்தான் ஒட்டினது” என்றார் இஸ்ஸதீன். “ஆறா ஒட்டட்டோ, ஒன்பதா ஒட்டட்டோ எண்டு. முந்நூறுக்கு மேல ஒட்டியிருப்பன். ஒன்பது, ஒன்பது எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கொண்டு போச்சுதுகள். உங்கட பெடியள் மோட்டச்சைக்கிளில பறந்து போகேக்க வட்டமாச் சிவப்பாத் தெரிஞ்சது. சந்தோசமாப் போயிட்டாங்கள்.”

சிவராசா வாங்கில் பொத்தென்று இருந்தான். ஏரம்பர் லதீபாவின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“ஏன் தங்கச்சி எனக்கு? உங்களுக்கு நான் என்ன செய்தனான்? ஒரு வீட்டுக்கும் வந்து கேக்கவும் இல்லையே.”

“மறந்துபோனியளே ஐயா? நாங்கள் திரும்பி வந்த வருசம், காணிக் கூட்டம் ஒண்டு நடந்ததெல்லே. எங்கட வளவெல்லாம் காடு மூடிக் கிடந்தது. புதிசா அளந்து எல்லாருக்கும் புதுத் துண்டு குடுப்பம், இவையளுக்குக் காட்டுப் பக்கத்தில ஒரு மூலை போதும் எண்டு முன்னுக்கு இருந்தவை கதைச்சினம். எங்கட இருபத்தேழு குடும்பமும் பின்னுக்கு வாய் திறக்காமல் நிண்டனாங்கள். நீங்கள் விவசாயிகளின்ர கமக்காரர் அமைப்புத் தலைவரா வந்திருந்தனீங்கள். எழும்பினியள். பழைய வரைபடம் கிடக்கு, பழைய எல்லைக்கல்லுக் கிடக்கு, இருந்தது இருந்தபடி இருக்கட்டும் எண்டியள். மூண்டு மணித்தியாலம் நிண்டு அதையே சொன்னியள். அலுத்துப்போய் எங்கட வளவை எங்களுக்கே எழுதித் தந்தாங்கள். அந்த வளவிலதான் ஐயா இந்தக் கடை நிக்குது.”

ஏரம்பருக்குக் கூட்டம் மங்கலாக நினைவு வந்தது. உண்மையைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

“தங்கச்சி, நான் உங்களுக்காக எண்டு அண்டைக்குச் சொல்லேல்லை. பழைய வரைபடத்தில கை வைக்கிறது எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான்.”

“தெரியும் ஐயா. எங்களுக்காகச் சொல்ல வந்தவை எல்லாரும் பிறகு மாத்திச் சொன்னவை. நீங்கள் மாத்தமாட்டியள் எண்டுதான் போட்டது.”

ஏரம்பர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் போட்டார். கொள்கை, கொள்கை என்று இத்தனை வருடமாகக் கத்தியபோது அது என்னவென்று அவருக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

சிவராசா நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். “அப்ப சனத்துக்கு என்னில கோவமோ, இஸ்ஸதீன் நானா?”

“கோவம் ஒண்டுமில்லைத் தம்பி” என்று லதீபாவே பதில் சொன்னா. “நீங்கள் தந்தியள். கேக்கேல்லை. கேட்டிருந்தா யோசிச்சிருப்பம்.”

அவன் அதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தான். பிறகு அந்த மட்கார்ட்டைப் பார்த்தான். திடீரென்று அவன் வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினான்.

“ஏரம்பண்ணை, அப்ப ஒரு மாதம் மாலை போட்டுக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தி, ஊர் ஊராத் திரிஞ்சது நான் உங்களுக்கோ? உங்கட பிரசாரப் பொறுப்பாளர் நான்தானே!”

“நல்ல பொறுப்பாளர்” என்றார் ஏரம்பர் முகத்தை மாற்றாமல். “ஆனா சத்தம் கொஞ்சம் கூட.”

இஸ்ஸதீன் சிரித்த சிரிப்பில் டியூப் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. சிவராசாவின் கைத்தொலைபேசி அடித்தது, மாமி. அவன் எடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் சிரித்தான். லதீபா உள்ளே போய் இன்னும் இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்தா.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஏரம்பர் எழுதிய பேச்சைக் கொண்டுபோகவில்லை. சிவராசாவுக்காக எழும்புவேன் என்று வாக்குக் கொடுத்ததால் எழும்பத்தான் நினைத்திருந்தார். விசயம் தலைகீழாகிவிட்டாலும் கொடுத்த வாக்கு இருந்தபடி இருக்கவேண்டும் அல்லவா. ஆனால் கட்சியின் மாவட்டச் செயலாளர் சுமித்திரா ரீச்சர், “புளியங்குளத்துக்கு ஆர்?” என்று கேட்ட உடனேயே சிவராசா முந்திக்கொண்டான்.

“ரீச்சர், அந்த இடத்துக்கு ஏரம்பண்ணை. இருந்தது இருந்தபடி இருக்கட்டும்.”

மண்டபம் ஒருகணம் திகைத்து, பிறகு கை தட்டியது. தன்னுடைய வசனத்தை இன்னொருவர் வாயில் கேட்டு ஏரம்பர் எழும்பவும் மறந்து இருந்தார். அவரை ஆட்சேபிக்க அவரைத் தவிர அங்கே ஒருவருமில்லை. இந்த முறை கட்சி எல்லாருக்கும் ஸ்டிக்கர் அடிக்கும் என்று ரீச்சர் சொன்னா. உடனே சிவராசா மறுபடி எழும்பினான்.

“ஏரம்பண்ணையின்ரயை நான் பொறுப்பெடுக்கிறன். வீடு வீடாப் போய், கேட்டுத்தான் ஒட்டுவன். ஒண்டு மட்டும். இந்த முறை ஸ்டிக்கரைச் சதுரமா அடிப்பம். பேரைப் பெரிசாப் போடுவம். ஒருத்தரும் திருப்பி ஒட்டேலாது.”

எல்லாரும் ஆமோதித்தார்கள். “ஆட்சேபனை இல்லைத்தானே?” என்று ரீச்சர் கேட்டா. பழக்கதோசத்தில் மண்டபம் முழுவதும் ஏரம்பர் பக்கம் திரும்பியது.

ஏரம்பர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

“ஒரு ஆட்சேபனை இருக்கு. ஸ்டிக்கர் வட்டமா இருந்தது. வட்டமாவே இருக்கட்டும். என்னை வேண்டாமெண்டு நினைக்கிற சனத்துக்கு, அதைத் திருப்பி ஒட்ட ஒரு வழி வேணும்.”